முறை வைத்து நின்ற முக்காலி

செஞ்சி பஸ் நிலையத்தில் என்னோடு முதலில் பேசியவர் டவுன் பஸ் கண்டக்டர். பேச்சு என் முக்காலியைப் பற்றியது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் தோளில் தொங்கிய மஞ்சள் நிற மூன்றுகால் சாமானுக்கு உண்டா இல்லையா என்பதில்தான் சந்தேகம்.

“இன்னாம்மா இது, வீடியோ ஸ்டாண்டா?”

“நிலம் அளக்கறதுக்கு.”

நிலம் என்றதும் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். “யார் நிலம்?” என்று முன்சீட்டில் இருந்த ஒருவர் கேட்டே விட்டார். கண்டக்டர் டிக்கெட் மெஷினை விரலால் தட்டிக்கொண்டே யோசித்தார். கடைசியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணிதான் தீர்ப்புச் சொன்னார். “பொம்பளையோட வந்த சாமான்தான, உட்டுடுப்பா.” முக்காலி இலவசமாக வந்தது.

நான் நாகர்கோவில்காரி. சென்னையில் நில அளவைக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் வேலை. கருவி வாங்கியவர்கள் எங்கிருந்து கூப்பிட்டாலும் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவது என் பொறுப்பு. எனக்கு ஒத்துப்போகிற வேலைதான். ஒரே இடத்தில் உட்காரச் சொன்னால் உடம்பெல்லாம் எறும்பு ஊறும். தியேட்டரில் இடைவேளைக்கு முன்பே எழுந்து நடப்பவள் நான். ஒரு ஊருக்குப் போய் இறங்கும்போதே திரும்பும் பஸ் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்வேன்.

இந்த முறை கூப்பிட்டது கலைச்செல்வி. செஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடுவில் உள்ள ஒரு காலனிப் பெண். டிப்ளமா படித்து, உரிமம் வாங்கி, சொந்தமாக சர்வே வேலை செய்கிறாள். எங்கள் கடையில் சாட்டிலைட் ரிசீவர் ஒரு ஜோடி வாங்கியிருந்தாள். போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்: “அக்கா, மெஷின் பொய் சொல்லுதுன்னு எல்லாரும் பேசறாங்க. நீங்களே ஒரு தரம் வந்து பாத்துடுங்க.” பொய் சொல்வதாக ஊர் சொல்வது மெஷினை அல்ல, இவளைத்தான் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

நிறுத்தத்தில் ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். மெலிந்த பெண், தலையில் துப்பட்டாவைச் சுற்றி அதற்கு மேல் தொப்பி. “சாப்டிங்களாக்கா?” என்றாள். சாப்பிடவில்லை என்றேன். வண்டி வேலை நடக்கும் இடத்துக்குப் போகாமல் முதலில் ஒரு இட்லிக் கடைக்குப் போனது. எங்கள் ஊரில் தேங்காய் இல்லாமல் ஒரு சட்னியை யாரும் மேசையில் வைக்க மாட்டார்கள். இங்கே வேர்க்கடலைச் சட்னி. வேர்க்கடலை என்று நான் சொன்னதற்கு, “மல்லாட்டைன்னு சொல்லுங்க” என்று கடைக்காரர் திருத்தினார். என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “நீங்க மலையாளமா?” என்றும் கேட்டார். நாகர்கோவிலைத் தாண்டி வடக்கே வந்தால் எனக்கு இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க வழியே இல்லை.

இடம் காலனிக்குப் பின்னால் இருந்தது. அரசு மனைப்பட்டா கொடுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அன்றைக்கு நட்ட கற்கள் முள்காட்டுக்குள் போய்விட்டன. இப்போதுதான் வீடு கட்ட ஆளுக்கொரு வழி பிறந்திருக்கிறது. முள்ளை வெட்டி, வரைபடத்தை வைத்து மறுபடி அளந்து கொடுக்கும் பொறுப்பைத் தங்கள் பெண்ணான கலைச்செல்வியிடமே கொடுத்திருந்தார்கள். அவள் நாளுக்கு ஒரு வரிசையாக மூன்று வரிசை மனைகளுக்கு முளை அடித்திருந்தாள். மேற்கே மண்சாலையை ஒட்டி முதல் வரிசை. கிழக்கே ஒரு மல்லாட்டைக் கொல்லையை ஒட்டி மூன்றாவது வரிசை. அதற்கும் அப்பால் யாரோ உருட்டிக் குவித்த மாதிரி ஒரு பாறைக்குன்று.

கொல்லைக்காரர் வரப்பில் நின்றிருந்தார். அப்பாண்டைராஜ், மேல்சித்தாமூர்க்காரர், ஜைனர். கையில் ஒரு நூல்கண்டு. தன் நிலத்தின் இரண்டு பழைய சர்வே கற்களுக்கு நடுவே நூல் கட்டியிருந்தார். மூன்றாவது வரிசையின் முளைகள் நூலைத் தாண்டி ஒரு பெரிய எட்டு அவர் கொல்லைக்குள் நின்றன. செடிகளுக்கு நடுவே நின்ற அந்த முளைகளைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

“நான் சண்டைக்கு வரலம்மா. எங்க கல்லு எங்க தாத்தா காலத்துல இருந்து இங்கதான் இருக்குது. மெஷின் வேற சொல்லுதுன்னா, மெஷினுக்கு இன்னா ஆச்சின்னு பாருங்க.”

“கல்லுக்குக் காலு மொளைக்காதுன்னு யாரு கண்டா?” என்றது ஒரு குரல். முனியம்மா. மூன்றாவது வரிசையின் கடைசி மனை அவருடையது. இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியை ஊன்றி நின்றார். வெள்ளிக்கிழமை வாஸ்து நாள். அன்றைக்குக் கடைக்கால் தோண்ட ஆள் சொல்லி வைத்திருக்கிறார். அதற்குள் முளை சரியென்று முடிவாகாவிட்டால் தோண்ட விட மாட்டேன் என்று அப்பாண்டைராஜ் சொல்கிறார். அவர்தான் கல்லை நகர்த்தி வைத்துவிட்டார் என்று காலனி சொல்கிறது. நடுவில் நிற்பது கலைச்செல்வி. மெஷின் தவறென்றால் காலனிக்கு அவள் மேல் நம்பிக்கை போய்விடும். மெஷின் சரியென்றால் அப்பாண்டைராஜைத் திருடன் என்று சொன்னதாகும்.

இந்த ரிசீவர் என்ன செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வானத்திலிருந்து வரும் சிக்னல் வழியில் கொஞ்சம் தாமதப்படும். அதனால் தனியாக நிற்கும் ரிசீவர் தன் இடத்தைச் சொல்வதில் ஓரிரு மீட்டர் தவறும். எவ்வளவு தவறுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து யாராவது அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் திருத்தம் என்று பெயர். நாமே இன்னொரு ரிசீவரை முக்காலியில் நிறுத்தி ரேடியோ வழியாகச் சொல்ல வைக்கலாம். அதை பேஸ் என்போம். அல்லது எங்கோ நிரந்தரமாக நிறுவியிருக்கும் நிலையங்கள் சொல்வதை சிம் கார்டு போட்டு இணையம் வழியாக வாங்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் சாட்டிலைட்டே தரும் பொத்தாம்பொதுவான ஒரு திருத்தமும் உண்டு. முதல் இரண்டும் விரல் அகலத்துக்குத் துல்லியம். மூன்றாவதில் ஒரு மாட்டுக்கொட்டகையே காணாமல் போகும்.

ஒரு முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கலைச்செல்வியின் ரிசீவரைத் திறந்தேன். திருத்தம் எங்கிருந்து எடுப்பது என்ற இடத்தில் ‘எது கிடைத்தாலும்’ என்று இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. குன்றின் மறைவில் ரேடியோ விட்டுவிட்டு வரும், போன் சிக்னலும் போய்விடும், மெஷின் சத்தம் போடாமல் மூன்றாவது திருத்தத்துக்கு இறங்கியிருக்கும், நம்பரைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கும். கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுந்து நின்று மண்ணைத் தட்டிக்கொண்டேன். இணையத் திருத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அணைத்தேன். முகவரி, பாஸ்வேர்ட் எல்லாம் போட்டு, சாலையோரம் சோதித்தேன். பிசிறில்லாமல் பிடித்தது. மூன்றாவது வரிசைக்கு நடந்தேன். போன் சிக்னல் போனது. மெஷின் கையை விரித்துவிட்டது.

முனியம்மா எட்டிப் பார்த்தார். “இன்னா சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல.”

“நல்லா ரிப்பேர் பண்ணே போ. முன்னாடி தப்பாவாச்சும் சொல்லிச்சி. இப்ப வாயே தொறக்கல.”

பொய் சொல்வதைவிட வாயை மூடிக்கொள்வது மேல் என்று அவருக்கு விளக்கப் பார்த்தேன். அது மனிதர்களுக்குச் சரி, மெஷினை அதற்கா வாங்கினோம் என்று கேட்டார்.  ரேடியோவுக்கு பேஸ் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று முடிவானபோது பொழுது சாய்ந்துவிட்டது. அன்று திரும்பும் பஸ் எனக்கு இல்லை.

செஞ்சி பஜாரில் ஒரு லாட்ஜ். கோட்டை பார்க்க வந்தீர்களா என்று மேனேஜர் கேட்டார். இல்லை என்றதும் சாவியைக் கொடுக்கத் தயங்கினார். இந்த ஊருக்கு வேறு எதற்கு ஒரு பெண் தனியாக வருவாள் என்று யோசித்திருப்பார். அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், முடியவில்லை. பஸ் நிலையம் வரை நடந்தேன், திரும்பினேன். பஜாரில் வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி, தோலை உரித்துக்கொண்டே இன்னொரு தரம் நடந்தேன். எங்கள் ஊரில் மரங்கள் அதிகம், வானம் குறைவு. ரிசீவருக்கு நாகர்கோவில் பிடிக்காது, தென்னை ஓலைக்குள் நின்று தவித்துப்போகும். இங்கே வானம் தாராளமாக இருக்கிறது. இத்தனை வானத்தை வைத்துக்கொண்டு ஒரு மனையைச் சரியாக அளக்க முடியவில்லையே என்று எரிச்சலாக வந்தது.

மறுநாள் கலைச்செல்வியே லாட்ஜுக்கு வந்து ஏற்றிக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்த என் ஒரு கையில் முக்காலி, மறு கையில் ரிசீவரை மாட்டி அளக்கும் கோல். அந்தக் கோல் என்னைவிட உயரம். டீக்கடையில் நின்றவர்கள் கட்சிக் கொடியைத் தேடினார்கள். பாதி வழியில் பின்சக்கரம் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, “கோட்டைக்கா?” என்றார். இந்த ஊரில் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் கோட்டைக்குத்தான் போக வேண்டும் போலிருக்கிறது. காத்திருந்த நேரம் முழுவதும் நான் கடைக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தேன். “அக்கா, டென்ஷனா இருக்குதா?” என்றாள் கலைச்செல்வி. அது என் சுபாவம் என்றேன். டென்ஷன் அவளுக்குத்தான் இருந்திருக்க வேண்டும். அவள் கல் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

மனைகளுக்குப் போய், இரண்டாவது வரிசைக்கு முன்னால் வானம் நன்றாகத் தெரிந்த ஓரிடத்தில் முக்காலியை விரித்தேன். ஒரு காலைத்தான் ஊன்றியிருப்பேன். முனியம்மாவும் இன்னும் சில பெண்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“இன்னைக்கு யார் முறை?” என்றார் முனியம்மா.

“என்ன முறை?”

“ஸ்டாண்டு நிக்கறதுக்கு. மொத நாளு கலை வூட்டு மனையில நின்னுச்சி. ரெண்டாம் நாளு நடு வரிசையில ராணி வூட்டு மனையில நின்னுச்சி. அப்புறம் என் மனையில. மூணு வரிசைக்கும் ஆளுக்கு ஒரு நாளு ஆயிடிச்சி. இப்ப மறுபடி மொதல்ல இருந்து வருதா, இல்ல வேற வூடா? கேட்டுட்டு வெய்யி.”

நான் முக்காலியை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். திரும்பிக் கலைச்செல்வியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எங்க மனையிலயே வெச்சா, எங்க வூட்டுக்கு சாதகமா அளக்கறேன்னு பேசினாங்கக்கா. மெஷின் எங்க நிக்குதோ அவங்களுக்கு நெலம் கூட வரும்னு ஒரு பேச்சு. ஏரித் தண்ணி மாதிரி முறை வெச்சாத்தான் ஞாயம்னாங்க. சரின்னு ஆளுக்கு ஒரு நாளு நிறுத்தினேன்.”

“நிறுத்தி? பேஸுக்கு அந்த இடத்தோட நம்பரை என்னன்னு கொடுத்த?”

“‘இங்கே’ன்னு இருக்குதே, அதை அழுத்தினேன்.”

“மூணு நாளும்?”

“மூணு நாளும். சாட்டிலைட் ஒண்ணுதானக்கா?”

சாட்டிலைட் ஒன்றுதான். ஆனால் ‘இங்கே’ என்று அழுத்தினால் பேஸ் தான் நிற்கும் இடத்தைத் தானே உத்தேசமாகப் பார்த்து அதையே சத்தியம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த உத்தேசத்தில் ஓரிரு மீட்டர் தவறு இருக்கும். அன்றைக்கு அதைக் கேட்டு அளந்தவை எல்லாம் அதே அளவுக்கு, அதே பக்கம் ஒழுங்காகத் தள்ளி நிற்கும். ஒரு நாள் வேலை என்றால் குற்றமில்லை, எல்லாம் சேர்ந்து நகரும். மூன்று நாள் மூன்று இடத்தில் அழுத்தினால் மூன்று வரிசையும் மூன்று பக்கம் போகும். ஒரு வரிசைக்குள் டேப் வைத்துப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாக இருக்கும். வரிசைக்கு நடுவே விட்ட தெருக்களைப் பார்த்தேன். ஒன்றில் லாரி போகும். இன்னொன்றில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்க வேண்டும்.

யாருக்கும் ஓரவஞ்சனை ஆகக்கூடாது என்று இவர்கள் செய்த ஏற்பாடு இது. நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ காரணத்துக்குக் கெட்டுப்போன அளவைகளைப் பார்த்திருக்கிறேன். நியாயம் பார்த்துக் கெட்டுப்போனதை இங்கேதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. கலைச்செல்வியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

அவள் மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் சாலையோரம் நின்ற ஒரு பேஸ்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வரிசையிலும் கட்டட வேலை தொடங்கியிருந்தது அது ஒன்றுதான். அவளுடைய வீடு. இந்தப் பக்கம் அப்பாவை நைனா என்கிறார்கள். அவளுடைய நைனா ஏழுமலை செஞ்சி நெல் கமிட்டி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மகள் அளந்து கொடுத்த மறுநாளே கடைக்கால் போட்டு, வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில் தானே கலவை குழைத்து, கொத்தனாருக்குக் கையாளாக நின்று பேஸ்மட்டம் வரை எழுப்பிவிட்டார். முளையைப் பிடுங்கி நடலாம். பேஸ்மட்டத்தை என்ன செய்வது?

“அக்கா, மொத வரிசையும் நவுந்திருக்குமா?”

“இருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவுன்னு அளந்தாத்தான் தெரியும்.”

அவள் தலையாட்டினாள். 

பேஸை நிறுத்த யாருக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும் என்றேன். கொல்லையின் களம் நல்ல மேடு, அங்கே நிறுத்தலாமே என்று அப்பாண்டைராஜ் பெருந்தன்மையாகச் சொன்னார். காலனி முழுக்க ஒரே குரலில் வேண்டாம் என்றது. கடைசியில் மண்சாலை ஓடையைத் தாண்டும் இடத்தில் இருந்த சின்னப் பாலத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதன் கைப்பிடிச் சுவர் அகலமான சிமென்ட் சுவர். அதில் ஒரு ஆணி அடித்தேன். அங்கே போன் சிக்னல் நன்றாக இருந்தது. இணையத் திருத்தத்தை வைத்து அந்த ஆணியின் இடத்தைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பிடித்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தரம். நம்பர் அசையவில்லை. இனிமேல் பேஸ் அந்த ஆணிமேல்தான் நிற்கும், ‘இங்கே’ என்ற பேச்சே கிடையாது, அந்த நம்பரைத்தான் கையால் அடிக்க வேண்டும் என்று கலைச்செல்வியிடம் சொன்னேன்.

விட்டுவிட்டு அளப்பதற்கு நடுவே நான் பாலத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்பாண்டைராஜ் சூரியனைப் பார்த்தார். ஜைனர்கள் விளக்கு வைத்த பிறகு சாப்பிட மாட்டார்கள். முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போகவும் அவருக்கு மனசில்லை. வீட்டிலிருந்து கேரியர் வந்தது. பாலத்துச் சுவரிலேயே உட்கார்ந்து திறந்தார்.

“நீயும் சாப்டும்மா. பொழுது போயிடிச்சின்னா எனக்குத் தண்ணி கூட இல்ல. உனக்காக உக்காந்துட்டு இருந்தா நான் பட்டினி.”

பருப்பு சாதமும் அவரைக்காய்ப் பொரியலும். வெங்காயம், பூண்டு எதுவும் இல்லை. மீன் குழம்பு இல்லாத நாளைக் கணக்கில் சேர்க்காத ஊர்க்காரி நான். ஆனாலும் நின்றுகொண்டே மூடியில் வாங்கிச் சாப்பிட்டது நன்றாக இருந்தது. கலைச்செல்விக்கும் ஒரு மூடி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், சாப்பிட்டது நாலு வாய்தான். முனியம்மாவுக்கும் நீட்டினார். “கல்லு வெவகாரம் முடியட்டும்” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை பாலத்தடியில் கூட்டம். பேஸ் யார் மனையிலும் நிற்காததால் அதைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்வி வந்து, மூன்று வரிசையிலிருந்தும் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எவனாவது தொட்டுவிட்டால் என்ற பயத்தில் அப்பாண்டைராஜும் ஒரு ஆளை அனுப்பியிருந்தார். ஒரு முக்காலிக்கு இத்தனை காவல் நான் பார்த்ததில்லை.

ரிசீவரில் திருத்தம் பாலத்து பேஸிலிருந்து மட்டும் என்று வைத்தோம். கோலைக் கலைச்செல்விதான் பிடித்தாள். மூன்றாவது வரிசையில் ரேடியோ விட்டுவிட்டு வந்தாலும் வந்தபோது சரியாக வந்தது. வராதபோது மெஷின் பேசாமல் இருந்தது. காத்திருந்து எடுத்தோம். முதலில் அப்பாண்டைராஜின் இரண்டு கற்கள். வரைபடத்தில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தன.

“நவுரலயா?” என்றார் முனியம்மா.

“நகரல” என்றேன்.

 அப்பாண்டைராஜ் நின்ற இடத்தை விட்டுப் போகவில்லை. தன்னைத் திருடன் என்று சொன்ன வாய் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். முனியம்மா மண்வெட்டியின் காம்பைக் கொஞ்ச நேரம் தேய்த்தார்.

“கல்லு இருந்த எடத்துலதான் இருக்குது. நான் பேசினது தப்பு” என்றார்.

“அது போதும்” என்று அப்பாண்டைராஜ் நூலைச் சுற்றத் தொடங்கினார்.

முளைகளைப் பிடுங்கி மேற்கே தள்ளி நட்டோம். முனியம்மாவின் மனை பட்டாவில் உள்ள அளவுக்கு முழுசாக நின்றது. தெரு அகலமாக இருந்த பக்கம்தான் அது, யாருக்கும் நஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை கடைக்கால் தோண்டலாம். புகார் வந்தது மூன்றாவது வரிசைக்கு. அது தீர்ந்தது. மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். மனசு ஏற்கெனவே பஸ்ஸில் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

“அக்கா, மொத வரிசையையும் பாத்துடலாம்.”

“நாளைக்கு நீயே பாத்துக்கலாமே. எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தாச்சு.”

“நாளைக்கு நான் தனியா அளந்தா எங்க வூட்டுக்கு ஏத்த மாதிரி அளந்துட்டேன்னு சொல்வாங்க. சொல்லாட்டியும் நானே எனக்கு ஏத்த மாதிரி அளந்துடுவேனோன்னு பயமா இருக்குதுக்கா. நீங்க இருக்கறப்பவே முடிச்சிடறேன்.”

பையைக் கீழே வைத்தேன். இந்தப் பெண்ணை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓட நினைத்ததில் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏழுமலை அன்று வேலைக்குப் போகவில்லை. பேஸ்மட்டத்துக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தோள்பட்டை இரண்டும் காய்த்துப்போன மனிதர். நாங்கள் கோலோடு வருவதைப் பார்த்தார்.  பைப்பைத் திருப்பி மண்ணில் விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். பின்னாலேயே காலனி வந்து நின்றது. முனியம்மா முன்னால் வந்துவிட்டார்.

கலைச்செல்வி மனையின் பின் மூலையை எடுத்தாள். பின்சுவருக்குப் பின்னால், முளை எதுவும் இல்லாத வெறும் மண்ணில் அது விழுந்தது. உள்ளுக்குள் கணக்குப் போட்டிருப்பாள். பின்னால் இடம் மிச்சம் என்றால் முன்னால் குறைய வேண்டும். சாலைப் பக்கம் வந்தாள். ரிசீவர் காட்டிய பக்கம் கோலை நகர்த்திக்கொண்டே போனாள். கோல் பேஸ்மட்டத்தின் மேல் ஏறியது. உள்ளே போனது. இன்னும் உள்ளே போனது. நின்றது.

முன்வராந்தாவுக்கு என்று எழுப்பிய பகுதி இரண்டு முழம் மண்சாலையில் இருந்தது.

 ஹோஸ் பைப்பிலிருந்து தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கோலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே இடம். என்னைப் பார்த்தாள். நான் வாங்கி ஒரு தரம் வைத்தேன். அதே இடம்.

“ரெண்டு முழந்தான கலை” என்றார் முனியம்மா. நேற்று வரை அந்த வீட்டுக்குச் சாதகமாக அளந்தாள் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். “ரோட்டுல யாரு வந்து கேக்கப் போறா? எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நாங்க யாரும் சொல்ல மாட்டோம்.”

பின்னால் நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். மனசாரச் சொன்னார்கள். அதைக் கேட்க எனக்கே ஆசையாக இருந்தது. சரி என்று அவள் சொல்லிவிட்டால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

கலைச்செல்வி ஏழுமலையைப் பார்த்தாள். “நைனா, மூணாவது வரிசை முளையெல்லாம் மாத்தி நட்டுட்டு நம்பளுத மட்டும் அப்படியே உட முடியாது.”

“மூணு தரமும் இங்கதான் காட்டுதா?”

“இங்கதான்.”

“முனியம்மாவுத?”

“சரியா வந்துடுச்சி.”

அவர் கீழே குனிந்து பைப்பை மடக்கித் தண்ணீரை நிறுத்தினார். 

அவள் மண்டியிட்டாள். மண்ணாக இருந்தால் முளை. இது சிமென்ட், ஆணிதான் அடிக்க வேண்டும். கோல் நின்ற புள்ளியில் ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினாள். ஆணி மடங்கியது. இன்னொரு ஆணி எடுத்தாள். அதுவும் சாய்ந்து எகிறி விழுந்தது.  நான் குனிந்து சுத்தியலை வாங்கப் போனேன்.

அதற்குள் ஏழுமலை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். மகள் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

“உனக்கு எறங்காது. நான் கொழைச்ச கலவை” என்றார். “எந்த எடம்னு காட்டு.”

அவள் விரலை வைத்தாள். அவர் அங்கே ஆணியை நிறுத்தி ஓங்கி அடித்தார்.